புகைபோக்கிகள் புகட்டும் பாடம்: ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை

ஹாம்ப்டன் கோர்ட் என்னும் பெயரை நாம் கி.பி. 1604ஆம் ஆண்டின் மாநாட்டோடு இணைத்தே நினைவுகூருகிறோம். அங்கு ஜான் ரெய்னால்ட்ஸ் விடுத்த வேண்டுகோளின் பயனாகவே 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் தோன்றிற்று. ஆயின் அவ்வரண்மனையின் கூரைமேல் நிற்கும் புகைபோக்கிகளும் திருச்சபை சிந்திக்கத்தக்க ஒரு பாடத்தை உரைக்கின்றன.

கார்டினல் உல்சி ஏறத்தாழ 1515இல் இவ்வரண்மனையைக் கட்டத் தொடங்கினார். 1529இல் அவர் பதவியிழந்தபின் மன்னர் எட்டாம் ஹென்றி அதனை விரிவுபடுத்தினார். முற்காலத்து இல்லங்கள் பலவற்றில் கூடத்தின் நடுவே எரிந்த நெருப்பின் புகை கூரையின் வழியே வெளியேறிற்று. எனவே செங்கற் புகைபோக்கி செல்வத்தின் அடையாளமாயிற்று. கொத்தர்கள் செங்கல்லைச் செதுக்கியும் அச்சில் வார்த்தும் சுருள், வளைகோடு, தேன்கூடு முதலிய வடிவங்களை அமைத்தனர். இவ்வரண்மனையின் புகைபோக்கிகள் 241 என்பர்.

உயரத்தில் நிற்கும் இவற்றை மழையும் உறைபனியும் நாற்புறமும் தாக்குகின்றன. நிலக்கரிப் புகையின் கந்தகம் உள்ளிருந்து சாந்தை அரிக்கிறது. பிற்காலத்தார் பழங்கட்டடங்கள் பலவற்றில் சிமெண்டுச் சாந்து கொண்டு இக்கேட்டை நீக்க முற்பட்டனர். நோக்கம் நன்று, விளைவோ தீது. சிமெண்டு பழைய செங்கல்லைவிடக் கடினமானது. ஈரத்தை எளிதில் வெளியேற விடாது. அடைபட்ட நீர் உறைந்து விரியும்போது செங்கல்லின் முகமே உதிர்ந்துவிடுகிறது. சுண்ணாம்புச் சாந்தோ ஈரத்தைத் தன்வழியே வெளிவிடும். தான் முதலில் தேய்ந்து செங்கல்லைக் காக்கும்.

இன்று நாம் காணும் ஹாம்ப்டன் கோர்ட் புகைபோக்கிகளுட் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் மீளக் கட்டப்பட்டவையே. அங்ஙனமாயின் பழமை எது? மீட்டமைத்தல் என்ற பெயரால் பழமையை அழிப்பதைக் கண்டித்து, வில்லியம் மாரிசும் அவர்தம் நண்பர்களும் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். ஊகத்தால் புதிது புனையாமல், உள்ளதைப் பழுதுபார்த்துக் காப்பதே அவர்கள் கொள்கை. அதற்கிணங்க, பிரிக்குமுன் ஒவ்வொரு வரிசையையும் அளந்து வரைவர். நல்ல செங்கல்லை மீண்டும் பயன்படுத்துவர். சிதைந்ததை மட்டும் மாற்றுவர். செய்ததைப் பதிவு செய்வர்.

1611இன் மொழிபெயர்ப்பாளரும் இந்நெறியினின்று வெகுதொலைவில் நிற்கவில்லை. டிண்டேலின் சொற்களுட் பலவற்றை அவர்கள் அவ்வாறே காத்துக்கொண்டு, மூலமொழிகளோடு ஒப்புநோக்கித் திருத்தினர். சீர்திருத்தம் வேறு, இடித்துப் புதிது கட்டுதல் வேறு. முன்னோர் விட்டுச்சென்ற மரபின்மேல் நம் காலத்தின் கடினமான சாந்தைப் பூசுமுன், அது காக்குமா, சிதைக்குமா என ஆராய்வது நம் கடமையாகும்.