சேறு காத்த கண்ணாடி

கோட்டைகளின் வரலாற்றை எழுதுவோர் தளபதியர் பெயரையும் போர் நிகழ்ந்த நாளையும் குறிப்பர். அக்கோட்டைகளிற் காவல் நின்ற வீரரும், துறையில் நங்கூரமிட்ட கப்பல்களின் மாலுமியரும் எதை உண்டனர், எதைக் குடித்தனர் என்பதை அறியக் கரையோரச் சேற்றைத்தான் நாடவேண்டும். மரம் உளுத்துப்போகும், இரும்பு துருவேறும். கண்ணாடியோ நூற்றாண்டுகள் கடந்தும் நிலைத்திருக்கும்.

திருக்கோணமலைத் துறைமுகம் பல கொடிகளைக் கண்டது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வசமான துறைமுகம், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே சுப்ரன் என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவரின் கைக்கு மாறிற்று. மீண்டும் ஒல்லாந்தரை அடைந்து, 1795இல் பிரித்தானியரிடம் சென்றது. அவர்தம் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

இக்காலங்களைப் போத்தலின் உருவமே பிரித்துக் காட்டும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் வார்த்த மதுப் போத்தல் வெங்காயம் போலக் குட்டையாய்ப் பருத்திருந்தது. பின்னரே உயர்ந்து உருளை வடிவுற்றது. ஒல்லாந்தர் மதுவை அனுப்பிய சதுரப் போத்தல்கள், மரப்பெட்டியில் இடைவெளியின்றி அடுக்குதற்கென அமைந்தவை. ஊதிச் செய்த போத்தலின் அடியில், பிடித்திருந்த இரும்புக் கோலை முறித்தெடுத்த வடு கரடுமுரடாய்த் தெரியும். கழுத்தினுள் கண்ணாடிக் குண்டு உருளும் சோடாப் போத்தல், ஹைரம் கொட் என்னும் ஆங்கிலேயர் 1872இல் திருத்தமுறச் செய்த அமைப்பாகும். அச்சின் இணைப்புக் கோடு வாயின் விளிம்புவரை ஏறியிருப்பின், அது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் இயந்திர வேலையே.

இக்காலக் கணிப்பு சட்டத்துக்கும் வேண்டுவதாயிற்று. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கொள்கின்றது. கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் அதுவே. நிலத்திலோ ஆற்றிலோ நாட்டின் கடற்பரப்பிலோ கண்டெடுக்கப்படாது கிடக்கும் தொல்பொருள் யாவும் அரசின் உடைமை. ஆகவே ஒல்லாந்தர் காலப் போத்தல் ஒன்று கரையில் வெளிப்படின், அதனைக் கண்டவர் உரியவரல்லர். குண்டுச் சோடாப் போத்தல் அவ்வெல்லைக்குப் பிற்பட்டது.

இலண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின் வற்று நீர் பெருஞ் சேற்றுவெளியைத் திறந்துவிடும். அங்கும் தேடுவோர் துறைமுக அதிகார சபையின் அனுமதி பெறவேண்டும். திருக்கோணமலையில் நீரேற்ற இறக்கம் மிகச் சிறிது. வடகீழ்ப் பருவக்காற்றின் அலையும், கொட்டியாரக் குடாவிற் கலக்கும் மகாவலி கங்கையின் வெள்ளமுமே சேற்றைப் புரட்டும். அவ்வாறு புரண்ட போத்தல் தன் வயதை மட்டுமே சொல்லும். புரளாத அடுக்கில், உடைந்த ஓட்டுடனும் நாணயத்துடனும் கிடப்பதோ, எந்தக் கப்பலுக்கு, எந்தக் காவலுக்கு உரியதென்பதையும் சொல்லக்கூடும். அதனைத் தனியே பிடுங்கி அலமாரியில் வைத்தால் அழகு எஞ்சும். அதனைக் கையாண்ட பெயரறியா மாலுமியின் வரலாறு அன்றே அழிந்துவிடும். கண்ட இடத்திலேயே விட்டுவைத்துத் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவிப்பதே அவ்வரலாற்றைக் காக்கும் வழியாகும்.