பதிவேட்டில் ஒரு பெயர்: பினாங்குத் தமிழரின் குடிவழித் தேடல்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால், வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள ரெட்ரூத்து நகரத்தார் கிந்தா பள்ளத்தாக்குச் சுரங்கங்களுக்கு மூலதனமும் பொறியாளரும் அனுப்பினர். அப்பொறியாளர் வழிவந்த ஒருவர் தம் முன்னோரைத் தேடினால் பாதை நேரானது. 1841 முதல் பிரித்தானிய மக்கள்தொகை ஏடுகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் காட்டும். 1851 முதல் பிறந்த ஊரையும் சொல்லும். அதற்கு முன்னைய காலத்திற்கு, 1538-ஆம் ஆண்டு அரசாணையால் தொடங்கிய பங்கு ஆலயப் பதிவேடுகள் உள்ளன.

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் நான்கு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பமொன்று அதே வழியில் இறங்கினால் என்ன கிட்டும்? நீரிணைக் குடியேற்றங்களிலும் 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடந்தது. ஆயின் நம் கைக்கு வருவன அச்சிட்ட அறிக்கைகளே. அவற்றில் நம்மவர் தொகையாக நிற்கின்றனர், பெயராக இல்லை. தொடக்கக்கால அறிக்கையில் தமிழர் என்னும் சொல்லுக்கு மாறாகக் 'கிளிங்' என்னும் தலைப்பே இருந்தது.

கத்தோலிக்கத் தமிழர் நிலை சற்று வேறு. பினாங்குச் சாலையிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் அவர்களுக்குரிய பழைய ஆலயமாகும். ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்பது 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம் வகுத்த விதி. பழைய கத்தோலிக்கப் பதிவேடுகள் இலத்தீனில் எழுதப்பட்டவை. பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் அவற்றில் இடம்பெறும். இங்கேதான் தமிழறிவு தேவைப்படுகிறது. ஏட்டில் 'பெத்ருஸ்' என்றிருப்பவர் வீட்டில் இராயப்பன், 'பவுலுஸ்' சின்னப்பன், 'யோவான்னெஸ்' அருளப்பன், 'யோசேபுஸ்' சூசை. இவ்விணைகளை அறியாத ஆய்வாளர் ஒரே மனிதரை இருவராக எண்ணிவிடுவார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, ஒருவருடைய திருமணத்தை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் ஏட்டிலும் குறிக்க வேண்டும். ஆகவே பினாங்கில் மணந்த ஒருவரைப் பற்றிய செய்தி காரைக்காலிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள ஓர் ஏட்டின் ஓரத்தில் இருக்கக்கூடும். கடலின் இரு கரையையும் இணைக்கும் அந்த ஓரக்குறிப்பு, நம் கணிப்பில், கணக்கெடுப்பு அறிக்கைகள் அனைத்தினும் மேலானது.

இந்துக் குடும்பங்களுக்கு இத்தகைய ஏடு இல்லை. எரியூட்டியபின் கல்லறை எழுத்தும் எஞ்சுவதில்லை. எஞ்சுவன பிறப்புச் சான்றிதழ், தோட்டத்து ஆவணம், கோயில் நன்கொடைப் பலகை போன்றவை. அவற்றிலும் முத்து, முனியாண்டி முதலிய பெயர்களை எழுத்தர் தம் செவிக்குப் பட்டவாறே உரோமன் எழுத்தில் பதிந்தனர். குடும்பப்பெயர் இல்லாத நம் மரபில், தந்தை பெயர் ஒரு தலைமுறைக்குமேல் வழிகாட்டாது. பாட்டன் பெயருக்கு மற்றோர் ஆவணம் வேண்டும்.

இது வெறும் ஆர்வத்தின் பொருட்டன்று. 1957-க்குப் பின், இந்நாட்டிலேயே பிறந்தும் அதனைக் காட்டச் சான்றிதழ் இல்லாமையால் சிவப்பு அடையாள அட்டையுடன் முதுமையடைந்த தமிழர் பலர். அவர்தம் பிள்ளைகளின் விண்ணப்பங்களிலும் அக்குறை தொடர்ந்தது. மாணவர் தம் வீட்டுப் பெரியோரின் பெயர்களை, அவை எழுதப்பட்ட எல்லா எழுத்து வடிவங்களோடும், அவர்கள் சொல்லும் ஊர்ப்பெயரோடும் இப்போதே குறித்துவைத்தல் நன்று. பாட்டியின் இயற்பெயரையும் தவறாது கேட்க வேண்டும். பேரனின் அடையாள அட்டையில் அது இருப்பதில்லை.