குழந்தையின் சமயம் எது?

விசயதசமியன்று யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களிலே பிள்ளைக்கு ஏடு தொடக்குவர். பரப்பிய அரிசியிலே குழந்தையின் விரலைப் பெரியவரொருவர் பற்றி முதலெழுத்தை எழுதுவிப்பார். அயலிலுள்ள கிறிஸ்தவ இல்லத்திலோ கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் நடைபெறும். இரண்டிலும் குழந்தையின் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை, கேட்கவும் இயலாது. அறியாப் பருவத்துப் பிள்ளையைத் தம் சமயத்திலே வளர்த்தல் பெற்றோருக்குத் தகுமா என்னும் வினா இங்கேதான் பிறக்கின்றது. விடை தேடுவார்க்கு நமது குடாநாட்டின் வரலாறே நல்லதொரு பாடம்.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரியும், 1824இல் உடுவிலிலே பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தன. விடுதிப் பிள்ளைகளுக்கு ஊணும் உடையும் கல்வியும் மிஷன் செலவிலேயே கிடைத்தன. கடலுக்கப்பாலிருந்து பணம் அனுப்பிய புரவலர் விரும்பிய பெயரே பிள்ளைக்குச் சூட்டப்படுவதும் உண்டு. வறுமையாலும் கல்வி வேட்கையாலும் பெற்றோர் இதற்கு இசைந்தனர். பிள்ளையின் பெயரே கைமாறிற்று.

இதனைக் கண்டு கொதித்தெழுந்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனரிமாரின் கருவிகளையே அவர் கையில் எடுத்தார்: பாடசாலை, அச்சகம், வினாவும் விடையுமாக அமைந்த சமய நூல். பாலபாடமும் சைவ வினாவிடையும் இவ்வாறு தோன்றின. எதிரெதிரே நின்ற இரு தரப்பாரும் ஒன்றில் மட்டும் ஒன்றுபட்டனர். பிள்ளையின் இளமனமே இருவரும் கைப்பற்ற விரும்பிய கோட்டை.

கோட்டை கைக்கு வந்ததா? நாவலர் தாமே பல ஆண்டுகள் பேர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்தப் பாடசாலையிலே கற்றவர்; கற்பித்தவர்; விவிலியத் தமிழாக்கத்துக்கும் துணைநின்றவர். அங்கிருந்து வெளிவந்தவர் சைவத்தின் காவலரானார்.

இதனினும் வியப்புத் தருவது சிறுப்பிட்டியிற் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளையின் குடும்ப வரலாறு. மிஷன் சூழலிலே சார்ள்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பரி என்னும் பெயரோடு வளர்ந்து, வட்டுக்கோட்டையிலே பயின்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான அவர் பின்னர்ச் சைவரானார். சைவராயிருந்தும் பௌத்தச் சார்புடைய வீரசோழியத்தை 1881இலும், சமண காப்பியமாகிய சூளாமணியை 1889இலும் பதிப்பித்தார். அவருடைய மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவரானார். பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரோடு போதகரானார். அந்தப் போதகரே 1921இல் பிலிப்ஸ் என்பாரோடு சேர்ந்து தேவார திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார்!

தந்தை விட்ட சமயத்தை மகன் ஏற்றார். மகன் விட்ட சமயத்தின் பாடலை அவரே உலகுக்குக் கொடுத்தார். விதைப்பது பெற்றோர் கையில் இருக்கலாம். விளைவது அவர் கையில் இல்லை.

ஆனால் இவர்கள் கல்வியும் வாய்ப்பும் பெற்றோர். தெரிவு செய்யும் வசதி அவர்களுக்கு இருந்தது. சாதியால் ஒடுக்கப்பட்ட இல்லங்களின் குழந்தைகளோ? அவர்களும் விபூதி தரித்தனர், தேவாரம் பாடினர். ஆயினும் கோயிற் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. கிறிஸ்தவப் பாடசாலைகளும் இப்பழியினின்று முற்றாகத் தப்பவில்லை. 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்திலே சமஆசனமும் சமபோசனமும் போராடிப் பெறவேண்டிய பொருள்களாயிருந்தன. கோயிலின் உள்ளே நின்ற பிள்ளையும் வெளியே நின்ற பிள்ளையும் கற்றது ஒரே பதிகந்தான். ஒருவனுக்கு அதனோடு செருக்கும், மற்றவனுக்கு அதனோடு தாழ்வும் ஊட்டப்பட்டன. சமயத்தைக் கற்பித்ததைவிட அதனோடு எதைக் கலந்து கற்பித்தோம் என்பதே நாம் விடைகூற வேண்டிய வினா.

அப்படியாயின் பிள்ளையை எச்சமயமும் தீண்டாது வளர்ப்போமா? அது நடவாத காரியம். தாய்மொழியைப் போலவே வீட்டின் வழக்கமும் திருவிழாவும் பாட்டும் குழந்தையின் செவியில் விழுந்துகொண்டேயிருக்கும். அவற்றை மறைப்பதும் ஒருவகை வற்புறுத்தலே. பெற்றோர் தம் நம்பிக்கையைக் காட்டட்டும், கதை சொல்லட்டும். நரகத்தைக் காட்டி அச்சுறுத்துதலும், அயலவன் கடவுளை இகழ்தலும், கேள்வி கேட்கும் வாயை அடைத்தலுமே கூடாதன.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்குமான சுதந்திரம் பிள்ளைக்கே உரியதென்கின்றது. பிள்ளையின் வளரும் ஆற்றலுக்கு இசைய வழிகாட்டும் உரிமையையும் கடமையையும் பெற்றோருக்கு அளிக்கின்றது. 1991இல் இலங்கையும் இதனை ஏற்றது. வழிகாட்டுதல் வேறு, வழியை அடைத்தல் வேறு.

ஏடு தொடக்கும் பெரியவர் பிள்ளையின் விரலை ஆயுள் முழுவதும் பற்றியிருப்பதில்லை. முதலெழுத்து எழுதியானதும் விட்டுவிடுகின்றார். எழுத்திலே நாம் இயல்பாகச் செய்யும் இதனைச் சமயத்திலும் செய்யத் துணிதல் வேண்டும். அவ்வாறு வளர்ந்த பிள்ளை நம் கோயிலுக்கே வரலாம், வராதும் விடலாம். எங்கு சென்றாலும், அடைத்த கதவின் முன்னே இன்னொரு பிள்ளை நிற்கக் கண்டால் அதனைத் திறக்க முற்படுவானாயின், அவனை நாம் நன்றாகவே வளர்த்தோம்.