திருகோணமலைக்கு வந்த மாயாவி

தமிழில் சூப்பர் ஹீரோ என்றதும் பழைய வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சூப்பர்மேன் அல்ல, இரும்புக்கை மாயாவி. 1972 ஜனவரியில் சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர் கதைதான். மூலம் பிரிட்டிஷ் வார இதழான வேலியண்ட். 1962இல் அதில் தொடங்கிய தொடருக்குப் படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ. கதையின் நாயகனான ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டேலின் வலது கை இரும்பால் ஆனது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும். அந்தரத்தில் நகரும் ஒற்றைக் கை கறுப்பு வெள்ளை அச்சுக்கென்றே பிறந்த காட்சி. மட்டமான காகிதத்திலும் அது எடுபட்டது.

சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் அதன் வழியாகத் தமிழில் பேர் வாங்கினார்கள். அமெரிக்காவில் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெரி சீகல்தான் ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் என்பது அன்றைய வாசகர் பலருக்குத் தெரியாது. அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது. வேதாளர் எனப்பட்ட பேண்டம் அதில் முகமூடி வீரர் மாயாவி ஆனார். ஒரே பெயரில் இரண்டு மாயாவிகள் உலவியதால் சிறுவர்களிடையே சண்டைக்குக் குறைவில்லை.

இலங்கைக்கு இவை வந்த வழி சீரானதல்ல. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. உள்ளூர் எழுத்துக்கு அது உரமானது. வீரகேசரி நாளிதழ் நிறுவனம் வெளியிட்ட நாவல்கள் வளர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். ஆனால் முத்து காமிக்ஸின் தொடக்க ஆண்டுகளும் அவையே. ஆகவே அந்த இதழ்கள் கடைவழியாக வந்ததைவிட, இந்தியா போய்வந்தவர்களின் பைகளில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 1977க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது.

திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேசத்தில் உள்ள அன்புவழிபுரம் போன்ற குடியிருப்புகளில் பழைய இதழ் தேடுபவர் முதலில் கேட்கவேண்டியது விலையை அல்ல, அந்தப் புத்தகம் எந்த இடப்பெயர்விலிருந்து தப்பியது என்பதை. 1983 கலவரமும், 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போரும் இம்மாவட்டத்துக் குடும்பங்களை வீட்டைவிட்டு எழுப்பின. பிள்ளையையும் உறுதிக் கடதாசியையும் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் காமிக்ஸ் கட்டை எடுப்பதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோர வீடுகளில் மிஞ்சியவற்றையும் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் ஒரு முத்து இதழ் அரிதாவதற்கு இரவல் கொடுத்ததும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டதும் காரணம் என்றால், இங்கே அவற்றுக்கு மேல் போரும் கடலும் சேர்ந்தன.

தப்பிய பிரதிகளின் கோலமும் அதற்கேற்றதே. உப்புக்காற்றில் முதலில் போவது நடுவிலுள்ள கம்பிப் பின். துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளில் பழுப்பு வட்டம் விழுந்திருக்கும். பிறகு அட்டை கழன்றுவிடும். ஓரத்தில் இராமபாணப் பூச்சி துளைத்த வரி. முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிய பெயர், அதை வெட்டி இன்னொரு பெயர். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் இதைக் குறை என்று விலையைக் குறைப்பார். தமிழ்ச் சேகரிப்பாளர் பலருக்கு அட்டை இருந்தாலே நிறைவு.

ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. பழைய மாயாவி கதைகளைச் சிவகாசிப் பதிப்பகமே காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பெயரில் மறுபதிப்பாக வெளியிட்டது. 2012க்குப் பிறகு லயனும் முத்துவும் பெரிய அளவில், நல்ல தாளில் வரத் தொடங்கின. கதை மட்டும் போதும் என்பவருக்கு இதனால் தேடல் எளிதாயிற்று. வரிசை எண் சேர்ப்பவருக்கு அப்படி இல்லை. அடுத்த வெளியீடு என்ன என்று அறிவித்த பழைய இதழ்களின் விளம்பரப் பக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் விடுபட்ட எண்களின் பட்டியலை அவர்கள் நிரப்புகிறார்கள். அறிவித்த கதை சொன்ன மாதத்தில் வராமல் போனதும் உண்டு. அத்தகைய இடங்களில் புத்தகத்தையே கையில் எடுத்துப் பார்த்தால்தான் தீரும்.