ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் ஸ்டார்ட்டர் மோட்டார்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது செங்கல்பட்டு மாவட்டம் வண்டலூரில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட சிறிய கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம் இது. இதன் இஞ்சின் 948 சிசி. வண்டலூர் என்றதும் இன்று பலருக்கும் உயிரியல் பூங்காதான் நினைவுக்கு வரும். பூங்கா அங்கே திறக்கப்பட்டது 1985இல். அதற்கு வெகுகாலம் முன்பே அவ்வூர் கார் உற்பத்தி செய்யும் ஊராக இருந்தது. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10, ஹெரால்டு, 1970களில் கெஸல் எனக் கார்களை வெளியிட்டது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 விலைபோகவில்லை. 1980களின் இறுதியில் உற்பத்தி நின்றது. எனவே இன்று ஹெரால்டு வைத்திருப்பவருக்குப் புதிய உதிரி தர அந்தத் தொழிற்சாலை இல்லை. பழுதான பாகத்தைச் சரிசெய்வதா, தூக்கி எறிவதா என்ற கேள்வி இங்கேதான் கனமாகிறது.

ஹேண்டிலிலிருந்து செல்ஃபுக்கு

தொடக்க காலக் கார்களை முன்புறம் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றியே கிளப்பினர். இஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைக்கவேண்டும் என்று பழைய டிரைவர்கள் கிளீனர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதனால்தான். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் இடம்பெற்றது. அதற்கு முன்பும் முயற்சிகள் உண்டு. நடைமுறையில் நிலைத்தது இதுவே. கடைகளின் பணப்பதிவு இயந்திரத்துக்கு மோட்டார் அமைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. சில நொடிகள் மட்டுமே ஓடவேண்டிய மோட்டாருக்கு, அதன் அளவை மீறிய சுமையைத் தரலாம் என்பதை அவர் அதில் கண்டிருந்தார்.

தமிழ்நாட்டில் இந்த மோட்டாருக்கு 'செல்ஃப்' என்று பெயர். ஹெரால்டு வெளிவந்த அதே 1961இல் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னையை அடுத்த பாடியில் அதன் தொழிற்சாலை ஸ்டார்ட்டர், டைனமோ போன்ற மின்கருவிகளைத் தயாரித்தது.

வேலை செய்யும் விதம்

ஒரு போல்ட்டில் நட்டைத் தளர்வாகப் போட்டு, போல்ட்டைச் சட்டென்று சுழற்றினால் நட்டு கூடச் சுழலாமல் மரையில் நகரும். ஹெரால்டின் செல்ஃப் இதே நிலைமத் தத்துவத்தில் அமைந்தது. மோட்டார் சுழன்றதும் மரைத்தண்டின் மேலுள்ள சிறு பற்சக்கரமான பினியன் நகர்ந்து, பிளைவீலின் பல்வளையத்தில் மாட்டி இஞ்சினைச் சுழற்றும். இஞ்சின் கிளம்பி வேகமெடுத்ததும் பினியன் தானே பின்வாங்கும். இந்த அமைப்பைப் பட்டறைகளில் 'பென்டிக்ஸ்' என்பார்கள்.

பழுதைக் கண்டறிதல்

கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டபின் முன்விளக்குகளை எரியவிட்டுச் சாவியைத் திருப்புவது பழைய வழி. இன்றும் இதைவிட எளியது இல்லை. விளக்கு மங்காமல் எரிந்து, மோட்டார் அசையாவிட்டால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. சாலினாய்டு, சாவி, ஒயர் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். விளக்கு மிகவும் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கலாம், இணைப்பு மோசமாக இருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். மோட்டார் மட்டும் 'வீர்' என்று சுழன்று இஞ்சின் அசையாவிட்டால், பெரும்பாலும் பினியன் அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மண்ணெண்ணெயில் கழுவவேண்டும். கிரீஸ் தடவினால் கிளட்ச் தூசி சேர்ந்து மறுபடி ஒட்டும். பினியன் பல்வளையத்தில் சிக்கிக்கொண்டால், சாவியை அணைத்து, மேல் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும்.

மாமல்லபுரம், கோவளம் பக்கம் நிறுத்தப்படும் வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உப்புக்காற்றை. பேட்டரி முனையில் பச்சை பூக்கும். எர்த் பட்டை உள்ளுக்குள் அரித்திருக்கும். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் வீணாகும். 12 வோல்ட்டில் கால் பங்கு அங்கேயே போய்விடும். இஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், எர்த் பட்டை கெட்டால் மின்சாரம் சோக் கம்பி வழியாகக்கூடப் பாயும். கம்பி சூடாவது அதற்கு அடையாளம். இதைப் பார்க்காமல் நல்ல மோட்டாரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. செம்புக்கு நல்ல விலை கிடைக்கும், ஆனால் அதே மோட்டார் திரும்பக் கிடைக்காது.

பிரித்துச் சரிசெய்தல்

ஹெரால்டில் பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்வதால் இஞ்சினைச் சுற்றி வேலை செய்வது சுலபம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும். மோட்டாரைப் பிரித்ததும் நான்கு கார்பன் பிரஷ்களின் நீளத்தையும் ஸ்பிரிங்குகளையும் பார்ப்பார்கள். கம்யூட்டேட்டரை நுண்ணிய கண்ணாடித் தாளால் தேய்க்கலாம், எமரித்தாள் கூடாது. டைனமோவில் செம்புப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள மைக்காவைச் சற்றுத் தாழ்த்தி வெட்டுவது வழக்கம். ஸ்டார்ட்டரில் அப்படி வெட்டக்கூடாது. இரண்டையும் ஒன்றென நினைத்து வெட்டிவிடும் பட்டறைகள் உண்டு. புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசியிருந்தால் புஷ் மாற்றவேண்டும். சுருள் கருகியிருந்தால் புதிதாகச் சுற்றவேண்டும்.

பூட்டியபின் மோட்டாரை நேரடியாகப் பேட்டரியில் இணைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்குமுன் அதை வைஸில் இறுகப் பிடித்தாக வேண்டும். இல்லையேல் மின்சாரம் பட்ட கணமே துள்ளி, மேசையிலிருந்து காலில் விழும்.