முதலில் வந்தது பாடம், நிலைத்தது வேலை

பெங்களூரில் நம்மவர்கள் யாரைக் கேட்டாலும் இங்கே வந்த கதை ஒரே வரிதான். "வேலை இங்கே இருந்துச்சு, வந்துட்டோம்." சரி, அந்த வேலை எப்படி இங்கே வந்தது? ஏழு கடல் தாண்டி இருக்கும் கம்பெனியின் வேலை இந்த ஊருக்கு வந்த கதையைத் தேடிப் படித்தபோது, கூடவே இன்னொரு கதையும் கையில் சிக்கியது. பாடம் வந்த கதை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அதில் ஒரு சேதி இருக்கிறது.

பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும், முதலில் வந்தது பாடம்தான். 1975 ஆகஸ்ட் 1-ம் தேதி 'சைட்' என்ற பரிசோதனையை இஸ்ரோ தொடங்கியது. நாசாவின் ஏ.டி.எஸ்-6 என்ற செயற்கைக்கோளை ஒரு வருடத்துக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சிப் பாடம் ஒளிபரப்பினார்கள். கர்நாடகத்தில் குல்பர்கா, ராய்ச்சூர், பீஜாப்பூர் பக்கத்துக் கிராமங்கள். கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையில் செய்த பத்தடி ஆன்டெனா, ஊருக்குப் பொதுவாக ஒரு டி.வி. பெட்டி. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடம், மாலையில் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம். ஆசிரியர்களுக்கும் இதன் வழியாகவே அறிவியல் பயிற்சி கொடுத்தார்கள். 1976 ஜூலை 31-ல் கெடு முடிந்தது. அமெரிக்காக்காரர்கள் செயற்கைக்கோளைத் தங்கள் பக்கம் நகர்த்திக்கொண்டு போய்விட்டார்கள். இரவல் நகை எத்தனை நாளைக்கு?

பத்து வருடம் கழித்து அதே வானம் வழியாக வேலை வந்தது. 1985-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் மையம் திறந்தது. மில்லர்ஸ் சாலையில் சோனா டவர்ஸ் கட்டிடம். சிப் வடிவமைக்க உதவும் மென்பொருளை எழுதுவதுதான் ஆரம்ப வேலை. அதுவரை இந்தியாவிலிருந்து மென்பொருள் ஏற்றுமதி என்றால் இரண்டே வழிதான். காந்த நாடாவில் பதிந்து விமானத்தில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் எழுதுகிற ஆளையே விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும். டி.ஐ. மூன்றாவது வழியைத் திறந்தது. தனக்கென்றே ஒரு செயற்கைக்கோள் இணைப்பு. இங்கே உட்கார்ந்து எழுதினால் அங்கே போய்ச் சேரும். அதற்கான தளவாடங்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் படம் பெங்களூர் ஐ.டி. வட்டாரத்தில் இன்றும் பேசப்படுவது.

அதே 1985-ல்தான் டில்லியில் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பிறந்தது. வேலை வானத்தில் பறக்க, பாடம் மட்டும் தபாலில் வந்துகொண்டிருந்தது :-)

ஏன் இந்த வித்தியாசம்? காரணம் ரொம்ப எளிது. வேலைக்குக் காசு கொடுக்க ஓர் ஆள் இருந்தார், பாடத்துக்கு இல்லை. அதனால் வேலைக்கு வந்த இணைப்பு ஒரு வருடத்தில் போகவில்லை, வளர்ந்துகொண்டே போனது. 1991-ல் மத்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா என்ற எஸ்.டி.பி.ஐ. அமைப்பைத் தொடங்கியது. சொந்தமாக டிஷ் வைக்க வசதியில்லாத சின்னக் கம்பெனியும் அதன் இணைப்பை வாடகைக்கு எடுக்கலாம். 64 கே.பி.பி.எஸ். கிடைத்தாலே அப்போது பெரிய விஷயம். இன்றைக்கு செல்போனில் எடுக்கும் 5 எம்.பி. படம் ஒன்றை அதில் அனுப்பினால் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஊசிமுனை வழியாகத்தான் ஒரு தொழிலே வெளியே போனது.

பொதுஜனத்துக்கு இண்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலமாக. அதற்கு முன்பே 1986-ல் தொடங்கிய எர்நெட் வழியாக ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்திருந்தன. ஆனால் அது ஆய்வாளர்களின் உலகம். வெளியே இருந்தவர்களுக்கு அதன் வாசனைகூடத் தெரியாது.

அப்புறம் ஒய்2கே. வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்த பழைய கோபால் நிரல்களைத் திருத்த ஆள் தேவைப்பட்டது. அமெரிக்கா ஹெச்-1பி விசாவின் ஆண்டு வரம்பை 65,000-லிருந்து 1,15,000 ஆக்கி, பிறகு 2001-லிருந்து மூன்று வருடங்களுக்கு 1,95,000 வரை உயர்த்தியது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கலிபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் கால் ஊன்றியது இந்தக் காலத்தில்தான். அங்கே போகாதவர்களில் பலர் பெங்களூர், ஹைதராபாத், புனே என்று பெட்டி கட்டினோம். அங்கே ராத்திரி ஆனால் இங்கே காலை. நேர வித்தியாசமே சரக்காக விலை போனது.

டாட்காம் பலூன் வெடித்தபோது இன்னொரு காரியம் நடந்தது. அளவுக்கு மீறி கடலுக்கடியில் போட்டு வைத்த கண்ணாடி இழைகளுக்கு வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கி.மீ. நீளமுள்ள ஐ2ஐ கேபிள் வந்தது. 2005-ல் சீ-மீ-வீ 4 கேபிள் சென்னையையும் மும்பையையும் தொட்டது. 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இங்கே இணையம் தள்ளாடியது. உலகமயமாக்கல் என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது கடலடியில் கிடக்கும் தோட்டக்குழாய் பருமன் கம்பியில்தான் தொங்குகிறது.

வேலைக்காகப் போட்ட இந்தக் கம்பியில்தான் பாடம் மறுபடி ஏறிக்கொண்டது. 2001 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடக்குறிப்புகளை எல்லோருக்கும் இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தது. 2002-ல் முதல் 50 பாடங்கள் வெளியாயின. 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டெல். திட்டத்தைத் தொடங்கின. ஐ.ஐ.டி. வகுப்பறை யூட்யூப் வழியாக ஊர் ஊராகப் போனது. 2021 ஜனவரியில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் தன் இணையவழிப் பட்டப்படிப்பின் வகுப்புகளைத் தொடங்கியது.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் ஆரம்பமானது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் ஊதியம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து வலையேற்றினார்கள். 1999 சென்னை தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, வெளியே வாழும் தமிழர்களுக்காக 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். பெங்களூரில் கன்னடமும் இந்தியும் படிக்கும் நம் பிள்ளைக்கு அ, ஆ முதல் பாடம் அங்கே காத்திருக்கிறது.

இனி நான் சொல்ல வந்தது. இந்த ஐம்பது வருடக் கதையில் ஒரு விஷயம் மாறவே இல்லை. கம்பி வந்தால் மட்டும் போதாது, இந்த முனையில் ஓர் ஆள் வேண்டும். 'சைட்' காலத்தில் ஊரே ஒரு பெட்டியின் முன்னால் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது. டி.ஐ. டிஷ் வைத்தது, இந்தப் பக்கம் அதற்குத் தேறிய இன்ஜினியர்கள் இருந்ததால். என்.பி.டெல். கல்லூரிகளில் உள்ளூர்க் கிளை அமைத்து ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக வைக்கிறது, பரீட்சையை மையத்துக்கு நேரில் வரவைத்து நடத்துகிறது. தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் தொடர்பு மையங்களை நம்பித்தான் வெளிநாடுகளில் வேர் விட்டது.

நம் வீடுகளில் கம்பிக்குக் குறைவில்லை. பிள்ளை கையில் டேப்லட், வேகமான இணைப்பு, உலகத்தின் சிறந்த வகுப்புகள், அத்தனையும் இலவசம். பக்கத்தில் உட்கார ஆள்தான் இல்லை. நாம் இன்னொரு அறையில் டல்லாஸோடு கால் பேசிக்கொண்டிருக்கிறோம். வேலைக்கு அந்தப் பக்கம் காசு கொடுக்க ஆள் இருக்கிறார், அதனால் அது தானாக ஓடும். பாடத்துக்குக் கொடுக்க வேண்டியது நம்முடைய நேரம், அதை வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், அபார்ட்மென்டில் நான்கு வீட்டுப் பிள்ளைகள், திரையில் ஒரு தமிழ்ப் பாடம், பக்கத்தில் ஒரு அம்மாவோ தாத்தாவோ. செலவு என்று பார்த்தால் ஒரு பாய், கொஞ்சம் சுண்டல்.