கூப்பிட்டால் திரும்பி வரும் நாய்

குட்டியாக இருக்கும்போது பெயரைச் சொன்னதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் நாய், எட்டு மாதம் ஆனதும் காது கேளாதது போல் வேறு பக்கம் ஓடிவிடும். இந்தத் தலைவலி இன்று நேற்று வந்ததல்ல. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர்கள் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள்.

சாக்ரடீஸின் மாணவரான செனபோன் எழுதியதாக வேட்டை பற்றிய ஒரு நூல் இருக்கிறது. கூப்பிடச் சுலபமாக இருக்கும்படி நாய்க்குச் சின்னப் பெயராக வைக்கச் சொல்கிறது அது. பெண் நாயை 8 மாதத்திலும் ஆண் நாயை 10 மாதத்திலும் வேட்டைக்குக் கூட்டிப் போகலாமாம். ஆனால் உடனே அவிழ்த்துவிடக் கூடாது, நீளமான வாரில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். இன்றைய பயிற்சியாளர்களும் இந்த வயது நாய்க்கு நீளக் கயிற்றைத்தான் சொல்கிறார்கள்!

இன்னொரு யோசனை அதைவிட அருமை. வேட்டை வலைகளுக்குப் பக்கத்தில் வைத்தே குட்டிகளுக்குச் சோறு போட வேண்டும். வழி தவறினாலும் சாப்பாட்டைத் தேடி அங்கேயே வந்துவிடும், உயிர் பிழைக்கும். அந்தச் சோற்றையும் எஜமானர் தன் கையால் போட வேண்டும். பசி தீர்ப்பவரிடம் நாய்க்குத் தானாகப் பாசம் வரும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போலீஸ் நாய்களும் ராணுவ நாய்களும் பெருகின. ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் 1910ல் வெளியிட்ட பயிற்சி நூலில் பரிசு உண்டு, ஆனால் கட்டாயத்துக்கும் தண்டனைக்கும் பெரிய இடம் இருந்தது. அதன் தாக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

அதே காலத்தில் பிரிட்டனில் எட்வின் ரிச்சர்ட்சன் வேறு வழியில் போனார். முதல் உலகப் போரின்போது, 1917ல், ஷூபரினஸில் ராணுவ நாய்ப் பள்ளி தொடங்கியது. போர்முனையில் அவிழ்த்துவிடப்படும் நாய், கழுத்துப்பட்டையில் செய்தியைச் சுமந்துகொண்டு, பின்னால் காத்திருக்கும் தன் பராமரிப்பாளரிடம் ஓடிவர வேண்டும். அது திரும்பி வருவதில் பல வீரர்களின் உயிர் இருந்தது. அப்படியிருந்தும் வழியில் சுணங்கிய நாயை ரிச்சர்ட்சன் அடிக்கவிடவில்லை. ஒழுங்காக வந்தவற்றுக்கு இறைச்சி, தவறியதற்குக் கிடையாது, அவ்வளவுதான்.

இதற்கு அறிவியல் விளக்கம் பிறகுதான் வந்தது. உளவியலாளர் ஸ்கின்னர் 1951ல், சரியான செயலுக்கு உடனே ஒரு 'டிக்' ஒலியும் உணவும் கொடுத்து விலங்குகளைப் பழக்கும் முறையை எழுதினார். கேரன் பிரையரின் 1984ஆம் ஆண்டு நூல் அதைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனது.

2020ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். 5 மாதத்தில் சொன்னபடி உட்கார்ந்த நாய்கள், 8 மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் கேட்கத் தயங்கின. அந்நியர் சொன்னால் அப்படித் தயங்கவில்லை. மனிதப் பிள்ளைகளின் விடலைப் பருவம் போலத்தான். 12 மாதத்துக்குள் அது பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

ஆகவே தாமதமாக வந்த நாயை அடிப்பதுதான் பெரிய தவறு. ஓடியதற்காக அடித்தோம் என்று எஜமானர் நினைப்பார். வந்ததற்காக அடி விழுந்தது என்று நாய் நினைத்துக்கொள்ளும். அடுத்த முறை அது ஏன் வரப்போகிறது?